ஸ்க்ராப்புக் பெட்டி சேர்ப்பது எப்படி: காகிதம் முதல் பசை வரை முழுமையான வழிகாட்டி

என் சின்ன வயதுப் படங்கள் பெரும்பாலும் ஒரே ஆல்பத்தில் இருந்தன. பக்கம் முழுக்கப் பசைக்கோடுகள், அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள். தாளைத் தூக்கிப் படத்தை வைத்து மூடினால் போதும். பல வருடம் கழித்து அதிலிருந்து ஒரு படத்தை எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. கொஞ்சம் அழுத்தி இழுத்ததில் ஓரம் கிழிந்து, படத்தின் மேல்படலம் மடங்கிப் போனது. மற்ற படங்களின் முதுகில் பசைக்கோடுகள் பழுப்பு வரிகளாக ஊறியிருந்தன. அன்றிலிருந்து ஸ்க்ராப்புக்குக்கு, அதாவது படங்களையும் நினைவுச் சீட்டுகளையும் அலங்கரித்து ஒட்டும் ஆல்பத்துக்கு, எந்தப் பொருளை வாங்கிப் பெட்டியில் சேர்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இது படத்தைத் தொடுமா?

படத்தைத் தொடும் பொருளைப் பார்த்து, விசாரித்து, நல்லதாக வாங்குங்கள். தொடாத அலங்காரத்துக்கு வீட்டில் இருப்பதே போதும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஸ்டிக்கருக்கும் ரிப்பனுக்கும் கை தாராளமாக நீளும். பசை மட்டும் மேசையில் கிடந்த ஏதோ ஒன்றாக இருக்கும்.

முதலில் 40 படங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் படங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பயணம், ஒரு குழந்தையின் முதல் வருடம், ஒரு வீட்டில் வாழ்ந்த காலம் என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு அதற்கு 40 படங்கள் போதும். பக்கத்துக்கு 2 படம் என்றால் 20 பக்கம். ஒருவர் சலிக்காமல் முடிக்கக்கூடிய அளவு அது. "எல்லாப் படங்களுக்கும்" என்று தொடங்கும் பெட்டி நிறைந்துகொண்டே போகும், ஆல்பம் மட்டும் வராது.

அச்சுக்கு 4-க்கு 6 அங்குல அளவு வசதியானது. 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தரத்தில் அதற்கு 1200-க்கு 1800 பிக்சல் தேவை. இன்றைய எந்தக் கைபேசிப் படத்திலும் அதைவிட அதிகமாகவே இருக்கும். ஆனால் செய்தி செயலிகள் வழியாக வந்த படங்கள் பல சமயம் சுருக்கப்பட்டிருக்கும். படம் எடுத்தவரிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரே ஒரு பிரதி மட்டுமே உள்ள பழைய படம் கையில் இருந்தால் அதை ஒருபோதும் ஒட்டாதீர்கள். ஸ்கேன் செய்து, பிரதி எடுத்து, பிரதியை ஒட்டுங்கள். மூலப்படம் தனி உறையில் இருக்கட்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

அப்புறம் அச்சான படங்களைத் தரையில் பரப்பி, கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் நிறம் எது? கடல் நீலமா, மண் நிறமா, ஒரு மஞ்சள் சட்டையா? அதிலிருந்து அமைதியான நிறம் இரண்டு, துடிப்பான நிறம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கப்போகும் காகிதம் எல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்க வேண்டும். நிறம் கொஞ்சமும் ஒத்துப்போகாத படம் ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும். அவற்றைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் எந்தப் பக்கத்திலும் சேர்ந்துகொள்ளும்.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சின்னத் துண்டுச் சீட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். யார், எப்போது, அன்றைக்கு என்ன நடந்தது. ஆறு மாதம் கழித்துப் பக்கத்தைச் செய்ய உட்காரும்போது தேதியும் பெயரும் நினைவுக்கு வராது.

ஆல்பத்தின் அளவு

பரவலாகக் கிடைப்பது 12-க்கு 12 அங்குலம், அதாவது பக்கத்துக்கு 30.5 சென்டிமீட்டர் சதுரம். இதற்கென்றே செய்த காகிதங்களும் உறைகளும் நிறைய உண்டு. ஒரு குறை: வீட்டு அச்சுப்பொறிகள் பெரும்பாலும் ஏ4 அகலம் வரைதான் அச்சடிக்கும். எழுத்தையும் பின்னணியையும் வீட்டிலேயே அச்சடிக்க நினைப்பவர்களுக்கு ஏ4 ஆல்பம் நல்லது. சின்னதாகத் தொடங்கிப் பார்க்க 6-க்கு 8 அங்குலம் போதும்.

பைண்டிங்கில் நான் ஆங்கில D எழுத்து வடிவ வளையத்தைத்தான் சொல்வேன். பக்கம் தட்டையாகப் படியும், இடம் மாற்றலாம், நடுவில் சேர்க்கலாம். திருகுத்தண்டு வைத்த ஆல்பம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நடுவில் ஒரு பக்கம் செருக வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

பக்க உறை எந்தப் பிளாஸ்டிக் என்று கட்டாயம் பாருங்கள். பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர், பாலிஎத்திலீன் மூன்றும் படத்துக்குப் பாதுகாப்பானவை. பிவிசி வேண்டாம். அது நாளாக நாளாகச் சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவை விடும். அதை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருளும் கசிந்து படத்தோடு ஒட்டிக்கொள்ளும். உறையைப் பிரித்ததும் பிளாஸ்டிக் நெடி தூக்கலாக அடித்தால் சந்தேகப்படுங்கள்.

காகிதம்

பழைய செய்தித்தாள் ஏன் மஞ்சளாகிறது என்று தெரிந்தால் காகிதம் வாங்குவது பாதி எளிதாகிவிடும். மரத்தில் நார்களைப் பிணைத்து வைக்கும் பொருளுக்கு லிக்னின் என்று பெயர். செய்தித்தாளுக்கான கூழில் அது அப்படியே தங்கிவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டால் லிக்னின் நிறம் மாறும், அமிலமும் உண்டாகும். அமிலம் காகித நாரை உடைக்கும். பக்கத்தில் இருக்கும் படத்துக்கும் தாவும். ஆகவே காகித உறையில் "அமிலமற்றது", "லிக்னின் அற்றது" என்ற இரண்டு வாசகமும் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் பாதி வேலைதான். "பஃபர்டு" என்றும் போட்டிருந்தால் இன்னும் நல்லது. கால்சியம் கார்பனேட் கலந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்; பின்னால் உண்டாகும் அமிலத்தை அது சமன் செய்யும்.

"போட்டோ சேஃப்", "ஆர்க்கைவல்" போன்ற வார்த்தைகளை மட்டும் நம்பி வாங்காதீர்கள். யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். உண்மையான சோதனை ஒன்று உண்டு: போட்டோகிராஃபிக் ஆக்டிவிட்டி டெஸ்ட், சுருக்கமாக பிஏடி. ஐஎஸ்ஓ 18916 என்ற தரநிலையில் வருவது. காகிதத்தையோ பசையையோ சோதனைப் படலங்களோடு சேர்த்து 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 86 சதவீத ஈரப்பதத்திலும் 15 நாள் வைத்து, படம் மங்குகிறதா, கறை பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். இதில் தேறியது என்று போட்டிருக்கும் பொருளை நான் யோசிக்காமல் எடுப்பேன்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் காகிதத்தை என்ன செய்வது? பிஎச் பேனா ஒன்று வாங்கி வையுங்கள். உள்ளே குளோரோஃபீனால் ரெட் என்ற சாயம் இருக்கும். ஓரத்தில் ஒரு கோடு போட்டால், காகிதம் நடுநிலையாகவோ காரமாகவோ இருந்தால் கோடு ஊதாவாகும். அமிலமாக இருந்தால் மஞ்சளாகும் அல்லது நிறமே தெரியாது. இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். கோட்டின் நிறம் வெள்ளை அல்லது வெளிர் காகிதத்தில்தான் தெரியும். லிக்னினையும் இது காட்டாது. லிக்னினுக்கு ஜன்னல் சோதனை இருக்கிறது. காகிதத்தில் ஒரு பட்டை வெட்டி, பாதியைத் தடிப்புத்தகத்துக்குள் மறைத்து, மீதிப் பாதி வெயில் படும்படி இரண்டு வாரம் விடுங்கள். மஞ்சளாகும் காகிதமும் சாயம் வெளுக்கும் காகிதமும் தாமே காட்டிக்கொடுத்துவிடும். அடர் சிவப்பு, கருநீலம் போன்ற தாள்களை ஈரப் பஞ்சால் ஒரு தடவை ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் சாயம் ஏறினால் அந்தத் தாள் வேண்டாம். பழுப்பு கிராஃப்ட் காகிதம் எனக்கும் பிடிக்கும்தான், ஆனால் பெரும்பாலும் அது வெளுக்காத கூழ். படத்துக்கு நேர் அடியில் வைக்காதீர்கள்.

கனம் என்று பார்த்தால், அச்சுப்பொறித் தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) இருக்கும். பக்கத்தின் அடித்தாளாக அது தாங்காது. 65 பவுண்டு என்று குறிப்பிடும் கார்டுஸ்டாக் என்ற தடித்தாள் சுமார் 176 ஜிஎஸ்எம், 80 பவுண்டு சுமார் 216 ஜிஎஸ்எம். அடித்தாளுக்கு 216, படத்துக்குப் பின்னால் வைக்கும் சட்டத்தாளுக்கு 176 என்று நான் வைத்துக்கொள்வேன். 20 பக்க ஆல்பத்துக்கு அடித்தாள் 20, சட்டத்தாளுக்கு வேறு நிறத்தில் 10, பூப்போட்டது கோடுபோட்டது என்று அச்சுத்தாள் 10 முதல் 12. அதற்கு மேல் வாங்கினால் மிஞ்சும்.

சட்டத்தாள் விஷயத்தில் ஒரு சிக்கனம். 4-க்கு 6 படத்தைச் சுற்றிக் கால் அங்குலம் தெரிய வேண்டுமென்றால் 4.5-க்கு 6.5 அங்குலத் துண்டு வேண்டும். 12 அங்குலத் தாளில் வரிசையாக வைத்தால் இரண்டே துண்டுதான் வரும். காற்றாடி இறக்கை போல ஒன்றுக்கு ஒன்று செங்குத்தாகச் சுற்றி வைத்தால் நான்கு வரும், நடுவில் 2 அங்குலச் சதுரம் ஒன்று மிஞ்சும். இப்படிப் பார்த்தால் 40 படத்துக்கு 10 தாள் சரியாகப் போதும். ஓரத்தில் விழும் ஓர் அங்குலப் பட்டைகளையும் தூக்கிப் போடாதீர்கள், பக்கத்துக்குக் கரை கட்ட உதவும்.

பசை

தானே ஒட்டும் ஸ்க்ராப்புக் ஒன்றுக்கு எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1873-ல் காப்புரிமை பெற்றார். பக்கங்களில் பசை காய்ந்த நிலையில் இருக்கும், ஈரப்படுத்தினால் ஒட்டும். பசைப் பாத்திரத்தோடு மல்லுக்கட்டுவது அப்போதே பெரிய தொல்லையாக இருந்திருக்கிறது. இன்றும் ஆல்பம் கெட்டுப்போவதற்குப் பசைதான் முக்கியக் காரணம்.

வேண்டாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். செலோடேப் மஞ்சளாகி, பசை ஓரத்தில் கசியும், கடைசியில் டேப் மட்டும் கழன்று கறை நிற்கும். ரப்பர் சிமெண்ட் எனப்படும் ரப்பர் பசை படத்தைக் கறைப்படுத்தும். சூடாக்கி ஒட்டும் குச்சிப்பசை மேடு தட்டும், வழவழப்பான தாளில் ஒரு நாள் உரிந்து விழும். தண்ணீர் அதிகமுள்ள வெள்ளைப் பசை காகிதத்தை அலை அலையாக்கும். இங்க்ஜெட் அச்சில் சாயமும் கரையலாம்.

பெட்டியில் மூன்று வகை இருந்தால் போதும். முதலாவது டேப் ரன்னர், அதாவது கையில் பிடித்து இழுத்தால் மெல்லிய பசைப்பட்டை படியும் கருவி. ஒரு படத்துக்கு நான்கு மூலையிலும் இரண்டரை சென்டிமீட்டர் வீதம் போட்டால் 10 சென்டிமீட்டர் ஆகும். 40 படத்துக்கு 4 மீட்டர். அதே படங்களின் சட்டத்தாள்களுக்கு இன்னொரு 4 மீட்டர். அலங்காரத்துக்கும் சேர்த்து 12 மீட்டர் கணக்குப் போட்டு வாங்குங்கள். இரண்டாவது போட்டோ கார்னர். படத்தின் மேல் பசையே படாது, மூலைகளை மட்டும் பிடித்துக்கொள்ளும், எப்போது வேண்டுமானாலும் படத்தை உருவி எடுக்கலாம். பிற்காலத்தில் எடுக்க நேரும் என்று தோன்றும் படம் எதுவாக இருந்தாலும் அதற்கு இதுதான். மூன்றாவது, கனமான பொத்தான் போன்றவற்றுக்கு அமிலமற்ற பிவிஏ (ஒரு செயற்கைப் பிசின்) பசை ஒரு சின்னக் குப்பி. ஊசிமுனை மூடி இருந்தால் சொட்டு அளவில் வைக்கலாம்.

ஃபோம் டேப் ஆசையாகத்தான் இருக்கும், எழுத்தைத் தூக்கிக் காட்டும். ஆனால் மூடிய ஆல்பத்தில் அந்த மேடு எதிர்ப்பக்கப் படத்தின் மேல் அழுந்தும். வாங்கினால் மெல்லியதாக, பக்கத்துக்கு ஒரே இடத்தில்.

வெட்டும் கருவிகள்

ஒரு நல்ல காகித டிரிம்மர், ஒரு கூர்முனைச் சின்னக் கத்தரிக்கோல், ஒரு கிராஃப்ட் கத்தி, அடியில் போட ஒரு வெட்டுப்பாய், ஓர் உலோக ஸ்கேல். பிளாஸ்டிக் ஸ்கேலைக் கத்தி சீவிவிடும். டிரிம்மர் வாங்கும்போது வெட்டு நீளம் 12 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். கைப்பிடியை அழுத்தும் வகையைவிட, தண்டவாளத்தில் பிளேடு நகரும் வகை இந்த வேலைக்கு ஏற்றது. தாளின் நடுவில் தொடங்கி நடுவில் நிறுத்த முடியும் என்பதால், மேலே சொன்ன காற்றாடி வெட்டு அதில்தான் சுலபம். மாற்று பிளேடு ஒன்று கூடவே வாங்கிவிடுங்கள். வெட்டிய ஓரம் பஞ்சு பஞ்சாக நின்றால் பிளேடு மழுங்கிவிட்டது.

டேப் வெட்ட வேறு கத்தரிக்கோல் வைத்துக்கொள்ளுங்கள். பசை ஏறிய கத்தரியால் காகிதம் வெட்டினால் கிழியும். வளைவு நெளிவாக வெட்டும் கத்தரிகள், உருவம் உருவமாகத் துளையிடும் பஞ்ச் கருவிகள் முதல் பெட்டிக்குத் தேவையில்லை.

பேனாவும் தலைப்பும்

உங்கள் கையெழுத்து கட்டாயம் ஆல்பத்தில் இருக்க வேண்டும். கையெழுத்து நன்றாக இல்லை என்று எல்லாவற்றையும் அச்சடிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். பின்னால் புரட்டிப் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்தக் கோணல் எழுத்தும் ஒரு படம்தான்.

நிறமி மை பேனா வாங்குங்கள். சாய மை வெளிச்சத்தில் வெளுக்கும், ஈரத்தில் ஓடும். சகுரா நிறுவனத்தின் பிக்மா மைக்ரான் பலருக்கும் தெரிந்தது. அதில் 01 என்றால் கோடு 0.25 மில்லிமீட்டர், 05 என்றால் 0.45 மில்லிமீட்டர். புள்ளியும் சுழியும் நிறைந்த தமிழ் எழுத்துக்கு 05 எனக்குத் தெளிவாக வருகிறது. ரொம்பப் பொடியாக எழுதுபவர்கள் 01 பாருங்கள். எந்தப் பேனாவானாலும் எழுதி ஐந்து நிமிடம் கழித்து ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். படத்தின் பின்பக்கம் குறிக்க பால்பாயின்ட் வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். மென்மையான பென்சிலால் லேசாக எழுதுங்கள்.

தலைப்புக்குத்தான் தமிழில் எழுதுகிறவர்கள் கொஞ்சம் கூடுதலாக ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது. எழுத்து ஸ்டிக்கர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன; 247 எழுத்தும் ஒரு தாளில் வரவும் வராது. நான் செய்வது இது. தலைப்பைத் தடித்த எழுத்துருவில் கணினியில் அடித்து, இடம் வலமாகத் திருப்பி, கண்ணாடியில் தெரிவதுபோல் அச்சடிப்பேன். கார்டுஸ்டாக்கின் பின்பக்கத்தில் அதை அச்சடித்துக் கத்தியால் வெட்டினால் முன்பக்கத்தில் கோடு எதுவும் தெரியாது. ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகள் நிமிடத்தில் வெட்டிவிடலாம். ஊ, ண, ஞ போன்றவற்றுக்குப் பொறுமை வேண்டும். உட்குழிவுகளை முதலில் வெட்டிவிட்டு வெளிக்கோட்டைக் கடைசியாக வெட்டுங்கள், எழுத்து கிழியாது. மெய்யெழுத்துப் புள்ளிக்குச் சாதாரண ஒற்றைத் துளை பஞ்ச் போதும். 6 மில்லிமீட்டர் வட்டங்கள் கிடைக்கும். ஓய்வு நேரத்தில் புள்ளி, துணைக்கால், கொம்பு இவற்றைப் பத்துப் பத்தாக வெட்டி ஒரு சின்ன உறையில் போட்டு வைத்தால் தலைப்புகள் வேகமாக அமையும்.

அலங்காரமும் நினைவுச் சீட்டுகளும்

அலங்காரத்துக்குப் பணம் செலவழிக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், கடைசியாகச் செலவழியுங்கள் என்பேன். பழைய சட்டைப் பொத்தான், சாயம் போகாத நூல், உடைந்த கழுத்தணியின் தட்டையான மணி, மிஞ்சிய காகிதத்தில் வெட்டிய முக்கோணங்கள் எல்லாம் அழகாக உட்காரும். உலோகத்தால் ஆனது எதுவானாலும் படத்திலிருந்து ஒரு விரல் தள்ளி வையுங்கள், துருப்பிடிக்கலாம்.

பயணச்சீட்டு, கடிதம், மருத்துவமனைக் கைப்பட்டை போன்றவற்றில்தான் அமிலம் அதிகம் ஒளிந்திருக்கும். செய்தித்தாள் துண்டை அப்படியே ஒட்டாமல் நல்ல தாளில் நகலெடுத்து ஒட்டுங்கள். வெப்பத்தில் அச்சாகும் ரசீதுகளை வந்த அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள், சீக்கிரமே வெறும் தாளாகிவிடும். மூலச் சீட்டே வேண்டும் என்றால் பாலிப்ரொப்பிலீன் சின்ன உறையில் போட்டு, உறையைப் பக்கத்தில் ஒட்டுங்கள். காய்ந்த பூவுக்கும் இதே வழிதான்.

அடுக்கி வைப்பது

காகிதம் மடங்காமல் படுக்கையாக இருக்க, தாளைவிடச் சற்றே பெரிய மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி வேண்டும். பாலிப்ரொப்பிலீனில் செய்ததா என்று பாருங்கள். 12 அங்குலத் தாளுக்கு உள்ளளவு 12.5 அங்குலமாவது இருக்க வேண்டும். கருவிகள் ஒரு பையில், பசை ஒரு பையில், துண்டுக் காகிதம் நிறவாரியாக ஒரு உறையில்.

அதோடு, ஒவ்வொரு விரிபக்கத்துக்கும் (எதிரெதிரே திறக்கும் இரண்டு பக்கம்) ஒரு பெரிய உறை எடுத்து, அதற்கான நான்கு படங்கள், துண்டுச் சீட்டுகள், அடித்தாள் இரண்டு, ஏற்ற அச்சுத்தாள், போட நினைத்த அலங்காரம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மேலே எண் எழுதுங்கள். இப்படிப் பத்து உறை. ஒரு மணி நேரம் ஓய்வு கிடைத்தால் ஓர் உறையை எடுத்தால் போதும். பெட்டி முழுவதையும் கலைக்க வேண்டாம்.

பெட்டியை வைக்கும் அறையில் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. மொட்டை மாடியை ஒட்டிய பரண், குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரி இரண்டும் ஆகாது. ஈரம் சேர்ந்தால் பூஞ்சை வரும், காகிதத்தையும் பசையையும் தின்னும் வெள்ளிப்பூச்சியும் வரும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஓரிரண்டு போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள்.

எல்லாம் சேர்ந்ததும் முக்கியமில்லாத ஒரு படத்தை வைத்து ஒரே ஒரு பக்கம் செய்யுங்கள். உறையில் போட்டு, மேலே கனமான புத்தகம் வைத்து ஒரு வாரம் விடுங்கள். பிறகு திறந்து, தாள் வளைந்திருக்கிறதா, மூலை எழும்பியிருக்கிறதா, மை எதிர்ப்பக்கம் ஒட்டியிருக்கிறதா, ஏதாவது படத்தில் அழுந்தியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். குறை தெரிந்த பொருளை மாற்றிவிட்டு முதல் உறையைப் பிரியுங்கள். பெட்டி மூடியின் உட்புறம் ஓர் அட்டை ஒட்டி, தீர்ந்துபோவதை அங்கேயே குறித்து வாருங்கள். என் பெட்டியில் அந்த அட்டையின் முதல் வரியில் எப்போதும் டேப் ரன்னர் ரீஃபில்தான் இருக்கும்.